கருப்பா, சாம்பலா? உங்கள் தோப்புக் குண்டுக்கரிச்சானின் நிறம் சொல்லும் சேதி



மாசி மாதம் பிறந்துவிட்டால் விடியற்காலையில் தோப்புப் பக்கம் ஒரு குருவியின் சீழ்க்கை கேட்கும். பட்டுப்போன தென்னையின் உச்சியிலோ, மின்கம்பியிலோ, மோட்டார் கொட்டகையின் கூரை முனையிலோ உட்கார்ந்து, வாலைத் தூக்கிக்கொண்டு விடாமல் பாடும். உடல் கருப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. இதுதான் குண்டுக்கரிச்சான். சில ஊர்களில் வண்ணாத்திக் குருவி என்றும் சொல்வார்கள்.

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வெல்லமும் தானியமும் ஏற்றி வரும் சேலம், நாமக்கல் விவசாயிகளிடம் இந்தக் குருவியைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "செல்போனில் வந்த படத்தில் இதற்கு முதுகு சாம்பலாக இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் இருப்பது கருகருவென்று இருக்கிறது. இது வேறு குருவியா, இல்லை கலப்பா?"

இரண்டும் இல்லை. எல்லாம் ஒரே குருவிதான். ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தும், எந்த ஊரில் பிறந்தது என்பதைப் பொறுத்தும் நிறம் மாறுகிறது. ஏன் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால், இந்தக் குருவியை நம் தோப்பில் ஏன் காப்பாற்ற வேண்டும் என்பதும் சேர்ந்தே விளங்கும்.

முதலில் அடையாளம்

கருப்பாக இருக்கும் குருவியை எல்லாம் கரிச்சான் என்று சொல்லிவிடுகிறோம். நம் பகுதியில் குழப்பம் தருபவை நான்கு.

இரட்டைவால் குருவி: உடல் முழுவதும் கருப்பு. வால் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். மாட்டின் முதுகிலும் மின்கம்பியிலும் உட்கார்ந்து, பறக்கும் பூச்சியை ஆகாயத்திலேயே பிடிக்கும்.

குண்டுக்கரிச்சான்: கருப்பும் வெள்ளையும். ஏறக்குறைய 19 செ.மீ. நீளம். வால் பிரிந்திருக்காது, அடிக்கடி மேலே தூக்கிக்கொள்ளும். தாழ்வான கிளையில் இருந்து தரைக்கு இறங்கி இரை பொறுக்கும். தோப்பு, வீட்டுத் தோட்டம், வாய்க்கால் ஓரம் என்று நிழல் உள்ள இடத்தில் இருக்கும்.

கருஞ்சிட்டு: குண்டுக்கரிச்சானைவிடச் சிறியது. ஆண் கருப்பு; வாலுக்கு அடியில் செங்கல் நிறம் தெரியும். மேட்டாங்காடு, கற்குவியல், பாறை ஓரங்களில் திரியும்.

வாலாட்டிக் குருவி: இதுவும் கருப்பு வெள்ளைதான். ஆனால் கண்ணுக்கு மேலே புருவம் போல வெள்ளைக் கோடு இருக்கும். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடக்கும்.

ஆண், பெண், குஞ்சு

குண்டுக்கரிச்சானில் ஆணுக்குத் தலை, முதுகு, தொண்டை எல்லாம் பளபளக்கும் கருப்பு. பெண்ணுக்கு அதே இடங்கள் சாம்பல் கலந்த கருப்பு. இரண்டுக்கும் வயிறு வெளிறியும், இறக்கையில் வெள்ளைப் பட்டையும் இருக்கும். கூட்டை விட்டு வெளியே வந்த குஞ்சுக்குத் தலையிலும் முதுகிலும் செதில் செதிலாகப் பழுப்பு நிறம் படர்ந்திருக்கும். இதைப் பார்த்து நோய் கண்ட குருவி என்று சிலர் நினைக்கிறார்கள். நோய் இல்லை, அது வளரும் பருவம்.

காங்கேயம் மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஏறக்குறைய 6 மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. வளர்ந்த பிறகு காளைக்குத் திமிலும் முன்பக்கமும் பின்பக்கமும் கருமை ஏறுகிறது. பசு வெளிறி இருக்கிறது. கன்று ஒரு நிறம், காளை ஒரு நிறம், பசு ஒரு நிறம் என்பதற்காக மூன்று இனம் என்று நாம் சொல்வதில்லை. குருவியிலும் அப்படித்தான்.

ஊருக்கு ஊர் ஒரு நிறம்

குண்டுக்கரிச்சான் இந்தியா முழுவதும், இலங்கை, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, தெற்குச் சீனா என்று ஆசியாவில் பரந்து வாழும் பறவை. வங்கதேசத்துக்கு இதுதான் தேசியப் பறவை. அங்கே தோயல் என்பார்கள். இதன் அறிவியல் பெயர் காப்சிகஸ் சாவுலாரிஸ். 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர். அதற்கும் முன்பே, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைக் கோட்டையில் இருந்த எட்வர்ட் பல்க்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தப் பறவையை இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். மேலைநாட்டு நூல்களில் இது இடம்பெற்றது சென்னையிலிருந்து போன பறவையைக் கொண்டுதான்.

இவ்வளவு பரந்த இடத்தில் வாழ்வதால் நிறம் ஒரே மாதிரி இருப்பதில்லை.

வட இந்தியாவில் பெண் பறவை நன்றாகச் சாம்பல் நிறம். ஆணையும் பெண்ணையும் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம். செல்போனில் வரும் படங்களில் பல அந்தப் பக்கத்துப் பறவைகள்.

தெற்கே வர வர பெண்ணின் சாம்பல் நிறம் கருத்துக்கொண்டே வருகிறது. இலங்கையில் பெண் ஏறக்குறைய ஆணைப் போலவே இருக்கும். இலங்கைப் பறவையைத் தனி உள்ளினமாகப் பிரித்திருக்கிறார்கள். முன்பு காவிரிக்குத் தெற்கே உள்ள பறவைகளையும் அந்த இலங்கை உள்ளினத்தோடு சேர்த்தே வகைப்படுத்தியிருந்தார்கள்.

இதில் நமக்கு ஒரு சுவையான செய்தி இருக்கிறது. பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம் காவிரிக்கரையில் நின்றால் இந்தக் கரை நாமக்கல் மாவட்டம், அந்தக் கரை கரூர் மாவட்டம். பழைய வகைப்பாட்டின்படி அக்கரைக் குருவி இலங்கை வகை, இக்கரைக் குருவி இந்திய வகை! ஆனால் இறக்கை உள்ள பறவைக்கு ஆறு ஒரு வேலி ஆகாது. காவிரியைத் தாண்டியதும் நிறம் சட்டென்று மாறுவதும் இல்லை. வடக்கிலிருந்து தெற்கு நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகவே கருமை கூடுகிறது. நாம் அந்த மாற்றத்தின் தென்கோடிக்கு அருகில் இருக்கிறோம். அதனால்தான் உங்கள் தோட்டத்துப் பெண் பறவை படத்தில் பார்த்ததைவிடக் கருப்பாகத் தெரிகிறது.

அந்தமான் தீவுகளில் பெண் இன்னும் கருமை. அலகு தடிமன், வால் குட்டை. கிழக்கே போர்னியோ தீவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும், ஜாவாவின் கிழக்குப் பகுதியிலும் ஆண் பறவையின் வயிறே கருப்பாகிவிடுகிறது. அதே தீவுகளின் மேற்குப் பகுதியில் வெள்ளை வயிற்றுப் பறவைகள் இருக்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இணை சேர்ந்து, நடுத்தர நிறத்தில் குஞ்சு பொரிக்கின்றன. ஆக, வயிறு கருப்பானாலும் வெள்ளையானாலும் சொந்தம் விட்டுப்போகவில்லை.

ஏன் இப்படி மாறுகிறது?

மேச்சேரி ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இளம்பழுப்பு நிறம், குட்டை முடி, தரமான தோல். நம் சேலம் மாவட்ட வெயிலிலும் மேய்ச்சலிலும் பல தலைமுறையாக இங்கேயே வளர்ந்து, இங்கேயே இனப்பெருக்கம் செய்து உருவான இனம். வேறு மாவட்டத்து ஆடு வேறு நிறத்தில், வேறு உடல்வாகில் இருக்கிறது. எல்லாம் செம்மறி ஆடுதான்; ஊர் வேறு.

பறவையிலும் இதுவேதான் நடக்கிறது. ஒரு வித்தியாசம்: ஆட்டில் கிடாவைத் தேர்ந்தெடுப்பது மனிதன். பறவையில் தேர்ந்தெடுப்பது தட்பவெப்பம், எதிரிகள், இணை தேடும் பெண் பறவை. எந்தக் குஞ்சு பிழைக்கிறதோ, எதற்கு இணை கிடைக்கிறதோ, அதன் நிறம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

இறகுக்குக் கருப்பு தருவது மெலனின் என்ற நிறமி. நம் தலைமுடிக்கும் தோலுக்கும் நிறம் தருவதும் அதுதான். ஈரப்பதம் அதிகமான பகுதிப் பறவைகள் கருமை கூடியும், வறண்ட பகுதிப் பறவைகள் வெளிறியும் இருப்பது உலகெங்கும் பல பறவைகளில் காணப்படும் ஒரு பொதுப் போக்கு. மெலனின் உள்ள இறகு உறுதியானது; ஈரத்தில் இறகை அரிக்கும் பாக்டீரியாவை வெள்ளை இறகைவிட நன்றாகத் தாங்குகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. எல்லாப் பறவைக்கும் எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்றாலும், ஊருக்கும் நிறத்துக்கும் தொடர்பு உண்டு என்பதில் ஐயமில்லை.

இதற்கு இன்னொரு சான்று உங்கள் மேட்டாங்காட்டிலேயே இருக்கிறது. கருஞ்சிட்டு குண்டுக்கரிச்சானுக்கு நெருங்கிய உறவு. நம் ஊர் ஆண் கருஞ்சிட்டுக்கு முதுகு கருப்பு. வட இந்தியாவில் அதே ஆணுக்கு முதுகு பழுப்பு. இந்திய நிலப்பரப்பைத் தாண்டி அதிகம் போகாத பறவை இது. அதற்குள்ளேயே வடக்குக்கும் தெற்குக்கும் இவ்வளவு வேறுபாடு.

நிறம் சொல்லும் சேதி இதுதான்

ஒரு பறவை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வலசை போய், பல ஊர்ப் பறவைகளோடு கலந்து வாழ்ந்தால், இப்படி ஊருக்கு ஊர் நிறம் பிரிவது கடினம். நிறம் பிரிந்திருக்கிறது என்றால், அந்தப் பறவை தலைமுறை தலைமுறையாக அதே வட்டாரத்தில் தங்கி வாழ்ந்திருக்கிறது என்று பொருள். குண்டுக்கரிச்சான் அப்படிப்பட்டது. ஒரு சோடி தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதற்குள்ளேயே வாழும். வேறு ஆண் நுழைந்தால் விரட்டும். நிறுத்தி வைத்த இருசக்கர வண்டியின் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து எதிரி என்று கொத்துவதும் இந்த எல்லைச் சண்டைதான்.

ஆகவே உங்கள் தோப்பில் இருப்பது விருந்தாளி அல்ல. உங்கள் ஊர்ப் பறவை. கொக்கும் நாரையும் போல இந்த ஆண்டு வரவில்லையென்றால் அடுத்த ஆண்டு வரும் என்று காத்திருக்க முடியாது. ஒரு வட்டாரம் முழுவதும் அற்றுப்போனால் அந்த இடம் எளிதில் நிரம்பாது.

இது பயமுறுத்தச் சொல்வதல்ல. சிங்கப்பூரில் 1920களில் குண்டுக்கரிச்சான் சாதாரணமாகக் காணப்பட்ட பறவை. 1970களில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வாழிடம் குறைந்தது, கூண்டுக்காகப் பிடித்தது, வெளியிலிருந்து வந்த மைனாவோடு போட்டி ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. 1980களில் பறவைகளைக் கொண்டுவந்து விட்டு, மறுபடி பெருக்க வேண்டியிருந்தது. ஜாவாவில் பாட்டுப் போட்டிக்காக இந்தக் குருவியைக் கூண்டில் வளர்க்கும் வழக்கம் பெருகி, பிடித்துப் பிடித்துக் காட்டுப்புறத்தில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஊரெங்கும் இருந்த பறவைதான் அங்கேயும் குறைந்தது. இன்று நம்மிடம் நிறைய இருக்கிறது என்பது நாளைக்கு உத்தரவாதம் இல்லை.

வெள்ளாமைக்கு என்ன பயன்?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். குண்டுக்கரிச்சான் ஒன்றே உங்கள் ஏக்கரைப் பூச்சியிலிருந்து காப்பாற்றிவிடாது. குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி வந்தாலும், வெள்ளை ஈயால் தேமல் வந்தாலும் இதனால் பயன் இல்லை. நிலக்கடலையில் வரும் கம்பளிப்புழுவின் சுணை முடியால் பெரும்பாலான பறவைகள் அதைத் தொடுவதில்லை.

இது தின்பது தரையிலும் தாழ்வான செடியிலும் கிடைக்கும் பூச்சிகளை. வெட்டுக்கிளி, சில்வண்டு, வண்டு, புழு, எறும்பு, பூரான் எல்லாம் இதன் இரை. பொழுது சாய்ந்து மற்ற குருவிகள் அடைந்த பிறகும் இது இரை தேடிக்கொண்டிருக்கும். தென்னைக்கு வட்டப்பாத்தி கொத்தும்போதும், எருக்குழி கிளறும்போதும் பக்கத்தில் வந்து உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணுக்குள்ளிருந்து வெளிவரும் புழுவுக்குத்தான் அந்தக் காத்திருப்பு. கோடை உழவு செய்யுங்கள், கூண்டுப்புழு வெளியே வந்து வெயிலிலும் பறவையாலும் அழியும் என்று நாங்கள் சொல்லும்போது அந்தப் "பறவை"யில் இதுவும் ஒன்று.

குஞ்சு பொரித்த காலத்தில்தான் வேலை மிகுதி. குஞ்சுக்குப் பகல் முழுவதும் பூச்சியும் புழுவும் பிடித்துவந்து ஊட்ட வேண்டும். இரட்டைவால் குருவி ஆகாயத்தில், குண்டுக்கரிச்சான் தோப்புத் தரையில், கருஞ்சிட்டு மேட்டாங்காட்டில் என்று மூன்றும் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. கூலி கேட்காத ஆட்கள். இவர்கள் இருக்கும் தோட்டத்தில் பூச்சி எண்ணிக்கை எகிறுவதற்கு ஒரு தடை இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும். அதுவே சிறிய உதவி அல்ல.

மருந்து அடிக்கும் முன்

இந்தக் குருவிகளுக்கு நம் வயலில் பெரிய ஆபத்து பூச்சிமருந்து. மருந்து பட்டுத் துடிக்கும் புழுவைப் பிடிப்பது எளிது. பறவை அதைத்தான் முதலில் பொறுக்கும். தானும் தின்னும், குஞ்சுக்கும் ஊட்டும்.

அர்ஜென்டினாவில் 1995–96இல் நடந்தது உலகம் முழுவதும் பாடமாகச் சொல்லப்படுகிறது. வட அமெரிக்காவிலிருந்து வலசை வரும் ஒரு வகைப் பருந்து அங்கே வயல்களில் வெட்டுக்கிளி தின்று வாழும். வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸ் மருந்தால் 5,000க்கும் மேற்பட்ட பருந்துகள் செத்து விழுந்தன. வெட்டுக்கிளியை இலவசமாகத் தின்றுகொண்டிருந்த பறவையை வெட்டுக்கிளி மருந்தே கொன்றது. நம் நாட்டில் 2005லேயே இந்த மருந்தைக் காய்கறிப் பயிர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்துவிட்டது.

மருந்தே அடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கீழே உள்ளவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. பூச்சியைக் கண்டதும் அடிக்காமல், பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டியதா என்று பார்த்து அடியுங்கள்.

2. ஆரம்ப நிலையில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் தெளியுங்கள். 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு போதும்.

3. காய்ப்புழு, புரோடீனியா புழுவுக்கு எக்டருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள்.

4. எக்டருக்கு 50, அதாவது ஏக்கருக்குச் சுமார் 20 பறவை தாங்கிகள் நடுங்கள். உயரமான தாங்கி இரட்டைவால் குருவிக்கு உதவும். குண்டுக்கரிச்சானுக்கும் கருஞ்சிட்டுக்கும் இடுப்பளவு உயரக் குச்சி சிலவற்றை வரப்போரம் ஊன்றினால் அதில் உட்கார்ந்து தரையைப் பார்க்கும்.

5. குருணை மருந்து இட்டால் மேலாகச் சிதறவிடாமல் மண்ணுக்குள் மூடுங்கள். பறவைகள் இரைப்பையில் அரைப்பதற்குச் சிறு கல் பொறுக்கும் பழக்கம் உள்ளவை. குருணையைக் கல் என்று விழுங்கிவிடும்.

6. தெளிப்பான் கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ தொட்டியிலோ ஊற்றாதீர்கள். பறவை அங்கேதான் குடிக்கும், குளிக்கும்.

7. கூடு இருக்கும் மரத்தையும் அதைச் சுற்றிய இடத்தையும் விட்டுவிட்டுத் தெளியுங்கள்.

பட்ட மரத்தை வெட்டலாமா?

குண்டுக்கரிச்சான் கிளையில் கூடு கட்டாது. மரப்பொந்து, பட்ட தென்னையின் ஓட்டை, சுவர் இடுக்கு, பழைய ஓட்டு வீட்டின் கூரைச் சந்து ஆகியவற்றில் புல்லும் வேரும் வைத்து முட்டையிடும். பொந்து இல்லையென்றால் குஞ்சு இல்லை. மண் சுவர் போய் சிமெண்ட் சுவர் வந்துவிட்டது. பழைய மரங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. மருந்தைப் போலவே இதுவும் ஒரு நெருக்கடி.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. பட்டுப்போன, மட்கும் தென்னைத் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதனால் பட்ட தென்னையை அப்புறப்படுத்துங்கள் என்றுதான் நாங்கள் பரிந்துரை செய்கிறோம். அந்தப் பரிந்துரை மாறவில்லை. குருவிக்காக வண்டை வளர்க்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டும் காலத்தை மாற்றலாம்.

குண்டுக்கரிச்சான் நம் நாட்டில் மார்ச் முதல் ஜூலை வரை கூடு கட்டும். பெண் 3 முதல் 5 முட்டை இடும், அதுவே அடைகாக்கும். முட்டையிடத் தொடங்கியதிலிருந்து குஞ்சு பறந்து போக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆகவே:

பட்ட தென்னையை வெட்டுவதானால் ஆகஸ்ட் முதல் பிப்ரவரிக்குள் வெட்டி முடியுங்கள்.

மார்ச் முதல் ஜூலைக்குள் வெட்டியே ஆகவேண்டும் என்றால், முதல் நாள் காலை அரை மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். குருவி வாயில் புழுவோடு பொந்துக்குள் நுழைந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் பொறுத்து வெட்டுங்கள்.

வெட்டிய தண்டைத் தோப்பிலேயே மட்கவிடாமல் அன்றே பிளந்து விறகுக்கோ வேறு பயனுக்கோ எடுத்துவிடுங்கள்.

வேலியில், கிணற்றோரத்தில் உயிரோடு இருக்கும் வேம்பு, பூவரசு, புளி போன்ற மரங்களில் பொந்து இருந்தால் அதை அடைக்காதீர்கள்.

பனை மரத்தை விட்டுவையுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

மேட்டாங்காட்டில் கல் பொறுக்கிக் குவித்த இடங்களையும் கல்கட்டு வரப்பையும் முழுவதும் கலைக்காமல் ஓர் ஓரத்தில் விட்டுவையுங்கள். கருஞ்சிட்டு கல் இடுக்கில்தான் கூடு வைக்கும்.

பொந்து இல்லையா? பெட்டி வையுங்கள்

பொந்து இல்லாத தோப்பில் மரப்பெட்டி மாட்டினால் குண்டுக்கரிச்சான் அதில் கூடு வைக்கும். செலவு அதிகம் இல்லை. செவ்வாய்ப்பேட்டை போன்ற கடைவீதிகளில் கிடைக்கும் பழைய மரப்பெட்டிப் பலகை போதும்.

அடிப்பலகை உள்ளளவு 5 அங்குலத்துக்கு 5 அங்குலம். உயரம் 9 அல்லது 10 அங்குலம்.

முன்பக்கம் மேல்பகுதியில் 2 அங்குல வட்ட ஓட்டை. இதைவிடப் பெரிதானால் மைனா புகுந்துகொள்ளும்.

ஓட்டைக்குக் கீழே உட்காரக் குச்சி வைக்க வேண்டாம். அது காக்கைக்கும் பூனைக்கும்தான் வசதி.

அடியில் நான்கு சிறு துளை போடுங்கள். மழைத்தண்ணீர் தேங்காது.

மேல்பலகை சற்று முன்னோக்கிச் சரிவாக நீட்டியிருக்கட்டும். பெயிண்ட், வார்னிஷ் உள்ளே அடிக்க வேண்டாம்.

தரையிலிருந்து 8 அடிக்கு மேல், மேற்கு வெயில் படாத பக்கம் பார்த்து, நிழலான மரத்தில் கயிறு அல்லது கம்பியால் கட்டுங்கள்.

ஓர் ஏக்கர் தோப்பில் ஒன்றோ இரண்டோ போதும். ஒரு சோடி இன்னொரு சோடியைப் பக்கத்தில் விடாது. நிறைய மாட்டினால் வீண்.

தை மாதத்திற்குள் மாட்டிவிடுங்கள். முதல் ஆண்டே வராவிட்டால் கழற்றிவிடாதீர்கள். இடத்தை அது பழக வேண்டும். கூடு வைத்த பிறகு பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள். ஆடி கழிந்து பறவை போன பிறகு பழைய புல்லை எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கு வெயிலில் காயவைத்து மாட்டலாம். பலகை கிடைக்காதவர்கள், வாய் சிறுத்த பழைய மண் கலயத்தைப் படுக்கை வாட்டில் கிளையோடு சேர்த்துக் கட்டியும் முயன்று பார்க்கலாம்.

பிடிக்காதீர்கள், விற்காதீர்கள்

பாட்டு நன்றாக இருக்கிறது என்று குஞ்சை எடுத்து வளர்க்க நினைப்பவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவையைப் பிடிப்பதும், கூண்டில் அடைப்பதும், விற்பதும் குற்றம். வலை, ஒட்டுக்குச்சி கொண்டு யாராவது உங்கள் தோப்புக்குள் வந்தால் அனுமதிக்காதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். தரையில் விழுந்து கிடக்கும் பழுப்பு நிறக் குஞ்சு அநாதை அல்ல. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை எட்டாத கிளையில் தூக்கி வைத்துவிட்டு விலகிவிடுங்கள். தாய் வந்து இரை ஊட்டும்.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை

காலையில் தண்ணீர் கட்டப் போகும்போது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தோப்பில் எத்தனை சோடி இருக்கிறது, பெண் எவ்வளவு கருப்பு, எந்த மரத்தில் பொந்து இருக்கிறது என்று கவனியுங்கள். பொந்து உள்ள மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மரம் வெட்ட வரும் ஆளுக்கும், மருந்து அடிக்க வரும் ஆளுக்கும் அந்தக் கோடு என்ன என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கம் பெண் குருவி சாம்பலா, கருப்பா என்று காவிரிக்கு அக்கரையில் இருக்கும் சொந்தக்காரர்களிடமும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பூச்சி மேலாண்மை பற்றி மேலும் விவரம் வேண்டுவோர், சேலம் மாவட்டத்தில் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாமக்கல் மாவட்டத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அலுவலக நேரத்தில் நேரில் அணுகலாம். குச்சிக்கிழங்கு விவசாயிகள் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை பெறலாம்.

மேச்சேரி ஆடும் காங்கேயம் மாடும் நம் மண்ணில் உருவானவை என்று பெருமைப்படுகிறோம். காப்பாற்றத் திட்டம் போடுகிறோம். தோப்பில் பாடும் இந்தக் குருவியின் கருப்பும் இந்த மண்ணில், இந்த வெயிலில், இந்த மழையில் உருவானதுதான். அதற்குத் தீவனம் வேண்டாம், கொட்டகை வேண்டாம். ஒரு பொந்தும், கூடு வைக்கும் மாதங்களில் மருந்து படாத ஓர் இடமும் போதும்.